முதலில் நிற்கட்டும்!

காளவாசல் என்றால் செங்கற்சூளை என்று அர்த்தம். மதுரைக் காளவாசலில் இப்போது சூளை எதையும் காணோம். பைபாஸ் ரோடும், தேனி ரோடும், 2020-ல் திறந்த மேம்பாலமுந்தான் இருக்கின்றன. ஆனாலும் பெயரில் பொய் இல்லை. நான் கையைச் சுட்டுக்கொண்டது அங்கேதான்.

சுட்டது ஒரு மோட்டார். 1972-ம் வருஷத்து அம்பாஸடர் எஸ்டேட். முன்பாதி எல்லா அம்பாஸடரையும் போலத்தான். பின்னால் மட்டும் கூரை கடைசிவரை நீண்டு, முதுகில் ஒரு கதவு இருக்கும். பெரியப்பா இதில் சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வருவார். ஊரில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் வெற்றிலை இறங்கிவிடும்; ஜமுக்காளம் ஏறிவிடும். என் அம்மாவும் அப்படித்தான் மதுரைக்கு வந்தாளாம். வந்து சேர்ந்த அரைமணி நேரத்தில் நான் பிறந்தேன். ஆகவே இந்த வண்டி எனக்கு ஒருவிதத்தில் தாய்வீடு.

பெரியப்பா காலமான பிறகு, மாட்டுக்கொட்டகையில் கோழிகள் குடியிருந்த அதை நான் வாங்கிக்கொண்டேன்.

"ஒன்றரை லட்சம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டு நிதி மந்திரி அவள்தான்.

காளவாசலில் எனக்கு வாய்த்த மெக்கானிக் அண்ணன் அறுபதைத் தாண்டியவர். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"கம்பெனியே போயிருச்சு தம்பி. ஆனா சாமான் கிடைக்கும்" என்றார்.

அது உண்மை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை அச்செடுத்தாற்போல் பிறந்த அம்பாஸடரின் உற்பத்தி, 2014 மே மாதம் உத்தரபாராவில் நின்று போயிற்று. ஆனால் இத்தனை வருஷம் ஓடிய வண்டிக்கு உதிரி பாகங்கள் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுமா? எஞ்சினுக்கும் முன்பாதிக்கும் வேண்டியதெல்லாம் சாதாரண அம்பாஸடரிலிருந்தே கிடைத்தது. எஸ்டேட்டுக்கு மட்டுமே உரிய பின்கதவுக்குத்தான் மாற்று இல்லை. அதைத் தட்டி, ஒட்டுப் போட்டுச் சரிசெய்தோம்.

"ஐந்து கியர் உள்ள இசுசு எஞ்சினை மாட்டிவிடலாமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுமதி வேணும், உங்க பர்ஸோட அனுமதியும் வேணும்" என்றார்.

பழைய 1489 சி.சி. எஞ்சினே தங்கியது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நாட்டில் நின்றுவிட்டதல்லவா? அந்த ஈயந்தான் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்து வந்தது. ஆகவே லேத்தில் கொடுத்துக் கடினமான புதிய இருக்கைகளைப் பதித்தோம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. இவ்வளவுக்கும் 62,000 ரூபாய். துருப்பிடித்த தளத்துக்கும் கதவுக்கும் 25,000. மிச்சம் 63,000.

"அடுத்தது பிரேக்" என்றார் அண்ணன்.

"அடுத்தது பெயிண்ட்" என்றேன் நான். அடுத்த மாதம் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். பளபளக்கும் தந்த நிறத்தில், பெரியப்பா வண்டியில் பெண்ணை அழைத்துச் செல்வதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

"வண்டி ஓடறது பெருசு இல்லே தம்பி, நிக்கணும். நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு இடத்துலே ஒழுகினா நாலும் போச்சு. அதுவரைக்கும் எங்கேயும் எடுத்துட்டுப் போகாதீங்க" என்றார்.

கேட்டேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயிண்டருக்கு முன்பணம் கொடுக்கப் புறப்பட்டுவிட்டேன். ஏழு வயது மகளும் தொற்றிக்கொண்டாள்.

மேம்பாலத்தில் ஏறி, பழங்காநத்தம் பக்கமாக இறங்கினோம். சரிவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் வெண்ணெயில் இறங்குவதுபோல் அடிவரை இறங்கியது. மறுபடி மிதித்தேன், ஒன்றுமில்லை. எதிரே தேங்காய் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. கியரைக் குறைத்தேன். எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கை இரு கைகளாலும் இழுத்தேன். லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் இருக்கையில் வண்டி நின்றது.

"அப்பா, இன்னொரு தடவை!" என்று கைகொட்டினாள் மகள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தன.

அண்ணன் வந்து பார்த்தார். பின்சக்கரத்து சிலிண்டரில் ஒரு ரப்பர் வாஷர் நைந்து, ஆயில் ஒழுகியிருந்தது. நான் எதிர்பார்த்த வசவு வரவில்லை. "பாப்பா எங்கே உக்காந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். முன்சீட்டைக் காட்டினேன். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அன்று இரவு மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பெயிண்ட் வேண்டாம்" என்றாள்.

முன்னும் பின்னும் தனித்தனியாக இயங்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர், வாக்குவம் பூஸ்டர், பிற்கால அம்பாஸடரிலிருந்து கழற்றிய முன்சக்கர டிஸ்க்குகள்: மொத்தம் 44,000. சீட் பெல்ட்டுகளுக்கு 7,000. கையில் நின்ற 12,000-க்குத் துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்ஸைடு பிரைமர் மட்டும் அடிக்க முடிந்தது.

ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் புராதன வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. பெரியப்பா வண்டியைக் காட்சிக்கு வைக்க எனக்கு மனமில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து ஓட்டுவதென்று முடிவு செய்தேன்.

கல்யாணத்தன்று மணப்பெண்ணும், பின்னால் சீர்த்தட்டுகளும், குத்துவிளக்கும், அதே ஜமுக்காளமும் அந்த வண்டியில்தான் போயின. மண்டப வாசலில் சம்பந்தி ஒருவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்ன நிறம்? புதிதாக இருக்கிறதே!"

நான் விழித்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"காளவாசல் நிறம். சுட்ட செங்கல்" என்றாள்.