கீரைக்காரர் வீட்டுத் துப்பாக்கி

வானகரத்தில் அந்த வீட்டைக் 'கீரைக்காரர் வீடு' என்றுதான் சொல்வார்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் இருந்து உள்ளே இறங்கினால் ஒன்றரை ஏக்கர் நிலம். சிறுகீரை, அரைக்கீரை, கொஞ்சம் புளிச்சக்கீரை. நிலத்தின் நடுவே ஓட்டு வீடு, பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாட்டுக் கொட்டகை. விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டு கட்டி ஏற்றினால் கோயம்பேடு மார்க்கெட் பக்கம்தான். தெரு வேறு, வீடு வேறு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. இப்போது சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. 2005-ல் அப்படி இல்லை.

அந்த ஆண்டு ஜனவரியில், மார்கழி முடியும் சமயம், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் தானாக்குளத்தில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளாகப் பார்த்து, லாரியில் வந்து, ராத்திரியில் கதவை உடைத்து, ஆளை அடித்துப் போட்டு நகையை அள்ளிக்கொண்டு வடக்கே போய்விடும் பவாரியா கும்பல் அது. ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வட மாநிலங்கள் வரை தேடிப் போய்ப் பிடித்தது. 2017-ல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' படம் அந்தக் கதைதான். படமாகப் பார்க்கிறவர்களுக்கு அது விறுவிறுப்பு. அன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் ரோட்டோரம் தனி வீட்டில் இருந்தவர்களுக்கு மாலை ஆறு மணி ஆனாலே வயிற்றைக் கலக்கியது. பேப்பரில் எந்த மாதிரி வீடு என்று எழுதியிருந்தார்களோ, அச்சு அசலாக அதே மாதிரி வீடு கீரைக்காரருடையது. வீட்டில் அம்மா, மனைவி, வயசுக்கு வந்த பெண், பள்ளிக்கூடம் போகும் பையன், கல்யாணமாகாத தம்பி.

"நாலு காசு செலவானாலும் ஒரு துப்பாக்கி வாங்கி வைடா" என்றது அம்மாதான்.

அதற்கு முன்பே ஒருவன் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான். மருந்து கெட்டிச்சுச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருக்கிறதாம், ஒரு ஆட்டு விலைக்குத் தருவானாம், யாருக்கும் தெரியாதாம். கீரைக்காரர் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அது பயத்தினால்தான் என்று அவரே சொல்லுவார். ஆனால் சரியான பயம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய பிறகு, 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. திருடன் உள்ளே போவதற்கு முன் வீட்டுக்காரர் உள்ளே போய்விடலாம். போதாததற்கு, குழாய் எந்த இரும்பு, யார் பற்ற வைத்தது என்று தெரியாத துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிப்பதும் உண்டு.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் சாதாரண ஆளுக்கு இருக்கிற வழி நேரானதுதான். உயிர், உடைமைப் பாதுகாப்புக்கு என்று, உள்பக்கம் வழுவழுப்பான, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் கேட்கலாம். கலெக்டர் ஆபீசுக்கு விண்ணப்பம் போனது. தாசில்தார் விசாரணை, போலீஸ் விசாரணை, 'உங்களுக்கு யாராவது விரோதி உண்டா' என்ற கேள்வி, அக்கம்பக்கத்தில் சாட்சி என்று பத்து மாதம் ஓடியது. அதற்குள் வீட்டுக்கு இரும்பு கிரில் கதவு போட்டு, ஒரு நாட்டு நாயும் வளர்த்தாகிவிட்டது. 

உரிமம் கைக்கு வந்ததும் அடுத்த கவலை, எதை வாங்குவது? ஆவடி சி.ஆர்.பி.எஃப். மையத்தில் இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு சென்னையில் உரிமம் பெற்ற கடைக்குப் போனார் கீரைக்காரர். ட்வெல்வ் போர் துப்பாக்கிதான் எல்லாம். குழலின் வாய் அளவுக்கு ஈயக் குண்டு செய்தால் ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு குண்டு வரும், அதனால் அந்தப் பெயர் என்று சித்தப்பா பஸ்ஸிலேயே பாடம் எடுத்துவிட்டார்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பழைய இங்கிலீஷ் இரட்டைக் குழல். கட்டையில் பூ வேலை, கையில் எடுத்தால் மிதக்கிற மாதிரி எடை. 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியைத் தனியாருக்கு நிறுத்திவிட்டதால் இந்த மாதிரிப் பழசுக்குத்தான் கிராக்கி, அதனால் விலை. சித்தப்பா மடக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பழைய குழல்களில் தோட்டா உட்காரும் அறை சிலவற்றில் 65 மில்லிமீட்டர்தான் இருக்கும். இன்றைய தோட்டா 70 மில்லிமீட்டர். உள்ளே போகும், மூடவும் முடியும். ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடிவிடும். குழல் மேலே பாய் பின்னின மாதிரி வரி ஓடினால் அது இரும்புப் பட்டையைச் சுற்றி அடித்த பழங்காலக் குழல், இன்றைய மருந்துக்குத் தாங்காது. அழகுக்குச் சுவரில் மாட்டலாம்.

அடுத்தது செகண்ட் ஹேண்டு ஒற்றைக் குழல். மலிவு. இங்கேதான் சித்தப்பா நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. முதலில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தார். மடக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தார். உள்ளே வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் நிழல் வளையம் விழுந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. அம்மைத் தழும்பு மாதிரிக் குழி இருந்தால் துரு தின்றிருக்கிறது. மூடிப் பிடித்து ஆட்டினார். குழலும் கட்டையும் சேரும் இடத்தில் 'கடகட' என்றால் தேய்மானம். குதிரையை ஏற்றிவிட்டுக் கட்டையின் பின்பக்கம் கையால் தட்டினார். தட்டினாலே குதிரை விழுந்தால் அந்தத் துப்பாக்கி வீட்டுக்கு ஆகாது. அது விழுந்தது. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் ஜம்முவில் செய்த புது ஒற்றைக் குழலை வாங்கினார்கள். ஜம்முவிலும் பீகார் முங்கேரிலும் இந்த வகைத் துப்பாக்கி செய்கிற சின்ன ஃபேக்டரிகள் பரம்பரையாக இருக்கின்றன. பளபளப்பு இல்லை, கட்டைக்கு வார்னிஷ்கூடச் சரியாக அடிக்கவில்லை. ஆனால் பூட்டு இறுக்கம், குழல் சுத்தம், சோதனை முத்திரை தெளிவு. அந்த நாளில் ஒரு சுமாரான கறவை மாட்டு விலை. இரட்டைக் குழலுக்கு இரண்டாவது வேட்டு உண்டே என்று கீரைக்காரர் இழுத்தார். "ஒண்ணையே நீ ஒழுங்கா கத்துக்கோடா. மடக்கினா காலி, மூடினா ரெடி. உன் பொண்டாட்டி பார்த்தாலும் தெரியும் இதுல தோட்டா இருக்கா இல்லையான்னு. அதுதான் வேணும் வீட்டுக்கு" என்றார் சித்தப்பா. காசு குறைவான வீட்டுக்கு இதைவிட நல்ல யோசனை இன்றைக்கும் கிடையாது. மிச்சமான பணத்தில் 'சக்திமான்' தோட்டா ஒரு பெட்டி வாங்கினார்கள். புனே பக்கம் கட்கி தொழிற்சாலைச் சரக்கு. கடைக்காரர் எண்ணிக்கையை உரிமப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. பீரோவில் என்றால் நீளம் போதவில்லை. பரண் மேல் என்றால் பையன் ஏறுவான். தோட்டாவைத் தனியாக வை என்று சித்தப்பா சொல்லியிருந்தார். ஆனால் லாரியில் வருகிறவன் தோட்டா தேடுகிற வரைக்கும் காத்திருப்பானா? கடைசியில் கட்டிலுக்கு அடியில் துப்பாக்கி, தலையணைக்கு அடியில் இரண்டு தோட்டா. ஆறு மாதம் அப்படித்தான் போனது.

ஆடி மாதத்து ஒரு ராத்திரி. இரண்டு மணி இருக்கும். கொட்டகைப் பக்கம் சத்தம். தகரம் நகரும் சத்தம், பிறகு செருப்புச் சத்தம். கீரைக்காரர் எழுந்தார். மடக்கினார், போட்டார், மூடினார். பழகி வைத்திருந்ததால் கை தானாகச் செய்தது. கிரில் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தால் மோட்டார் ரூம் பக்கம் ஒரு ஆள், தலையில் துண்டு, கையில் கம்பி மாதிரி ஏதோ. குதிரையை ஏற்றிவிட்டார். யாரது என்று கேட்க வாய் வந்தது, குரல் வரவில்லை. பின்னால் வந்து நின்ற மனைவி காதோடு சொன்னார்: "நாய் குரைக்கலையேங்க."

நாய் அந்த ஆளின் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

தம்பிதான். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டது, அரைக்கீரைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டலாம் என்று மோட்டார் போடப் போயிருக்கிறான். அண்ணனை எழுப்ப வேண்டாம் என்று நினைத்திருக்கிறான். கையில் இருந்தது மண்வெட்டி. ராத்திரி கரண்டுக்கு எழுந்து தண்ணீர் கட்டுகிற எந்த விவசாயி வீட்டிலும் இந்த நடை உண்டு. அன்றைக்கு தூரம் பன்னிரண்டு தப்படிகூட இல்லை. ட்வெல்வ் போர் என்றால் விசிறி மாதிரிப் பரவும், குறி பார்க்கவே வேண்டாம் என்று ஊரில் பேசுவார்கள். வீட்டுக்குள் இருக்கிற தூரத்தில் அது ஒரு சாண் அகலம்கூடப் பரவாது. பரவாமல் போகிற பெரிய குண்டு ஆஸ்பெஸ்டாஸைத் துளைத்து அந்தப் பக்கமும் போகும். அந்தப் பக்கம் மாடு கட்டியிருந்தது.

குதிரையை மெல்ல இறக்கி, மடக்கி, தோட்டாவை வெளியே எடுக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. கை நடுங்கியது. தம்பிக்கு அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் சொன்னார்.

மறுநாளே வெல்டிங் பட்டறையில் சொல்லி நீளமான இரும்புப் பெட்டி செய்து சுவரில் பதித்தார். தோட்டாவுக்கு வேறு பூட்டு, அந்தச் சாவி மனைவியிடம். கொட்டகை முகப்பில் ராத்திரி முழுக்க எரியும் விளக்கு. மோட்டார் போடப் போகிறவர் வீட்டுக்குள் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். யாராவது கதவை உடைத்தால் அம்மா, பெண், பையன் மூவரும் உள் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு போலீசுக்கு போன் பண்ண வேண்டும், துப்பாக்கி அந்த அறை வாசலைத் தாண்டக் கூடாது. இந்த ஏற்பாட்டைச் செய்த பிறகு திருடன் பயமும் பாதி குறைந்துவிட்டது என்பார் மனைவி.

2012-ல் மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்கள். பட்டப்பகலில், எல்லோரும் திருவேற்காடு கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது. துப்பாக்கி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. 'நீ இருந்திருந்தா சுட்டிருப்பியா' என்று ஊரில் கேலி செய்தார்கள். சுட்டிருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்ததும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகளும் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. கொள்ளை, இருட்டிய பின் வீட்டை உடைத்துப் புகுவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தருகிற திருட்டு, இவற்றில் அந்த உரிமை எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் போகலாம். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளியும் கூடாது, போலீசைக் கூப்பிட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது கொலை வழக்குத்தான்.

காட்டோரத்து விவசாயிகள் இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் இருப்பதால் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. வன உயிரினச் சட்டம் தனி. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட அனுமதித்தபோதும், சுட வேண்டியது வனத்துறையினர்தான்.

தேர்தல் தோறும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவது கீரைக்காரருக்குப் பழகிப்போன வேலை. சில தேர்தலுக்குப் பிறகு திரும்ப வாங்கப் போக அவர் அவசரப்பட்டதே இல்லை. இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள்படி, உரிமம் வைத்திருப்பவர் எழுபது வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முந்தியோ அப்போது, தான் சொல்லும் வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வாரிசுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, டாக்டர் சான்று, பாதுகாப்பாக வைப்பேன் என்று எழுத்து மூலம் உறுதி எல்லாம் வேண்டும். மாநகர போலீஸ் எல்லைக்குள் வருகிற ஊர் என்றால் கமிஷனரிடமும் மற்ற இடங்களில் கலெக்டரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். அப்பா இறந்துபோய், துப்பாக்கி மட்டும் பரணில் கிடக்கிற வீடுகள் உண்டு. அதை அப்படியே வைத்திருப்பதும் குற்றம். உடனே ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும், மாற்றிக்கொள்வதை அப்புறம் பார்க்கலாம்.

பையனுக்கு இப்போது முப்பத்தைந்து. அம்பத்தூரில் கம்பெனி வேலை, சனி ஞாயிறில் கீரை. விண்ணப்பப் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறான். மருமகளுக்கு விருப்பமில்லை. அவர்கள் குழந்தைக்கு நாலு வயது, இரும்புப் பெட்டி இருக்கிற சுவர்ப் பக்கம்தான் அதன் விளையாட்டுச் சாமான். "துப்பாக்கியைக் கடையிலே டெபாசிட் பண்ணிடலாம் மாமா, இல்லேன்னா பெட்டியை மாடி ரூமுக்கு மாத்துங்க" என்றிருக்கிறாள். மாடி ரூம் இன்னும் பூசவில்லை. பூச்சு வேலைக்கு மேஸ்திரி தை பிறந்துதான் வருவேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் துப்பாக்கி கடையில் இருக்கட்டும் என்று போன வாரம் கீரைக்காரரே கொண்டு போய்க் கொடுத்து, ரசீதை உரிமப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்.