சிவப்புப் பட்டையை நீலமாக்கலாமா?

அரக்கோணத்தில் கடல் கிடையாது. மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், மெரினா கலங்கரை விளக்கத்தை ரா படமாக எடுத்து வந்து கணினியில் திறந்தால் முதலில் ஏமாற்றம்தான். வெளிறிப்போய், உயிரே இல்லாமல் இருக்கும். ஜேபெக் என்றால் கேமராவே சமைத்துக் கொடுத்துவிடும். ரா என்பது அரிந்து வைத்த காய்கறி. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ரா கோப்பில் 16,384. இருண்டு கிடக்கும் மணலைக்கூடத் தேற்றிவிடலாம். ஆனால் வெயிலில் வெள்ளைப் பட்டை ஒரேயடியாக வெளுத்துவிட்டால் ராவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வானத்தை ஊதாவாக்கலாம், மதியத்தை அந்தியாக்கலாம். (கடலுக்குள் சூரியன் மறைவதாகக் காட்டாதவரை! மெரினா கிழக்குக் கரை.) சிவப்புப் பட்டையை நீலமாக்குவதுதான் உறுத்துகிறது. 1977 முதல் இயங்கும் அந்த முக்கோணக் கோபுரத்துக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசியது அழகுக்காக மட்டுமல்ல. பகலில் விளக்கால் பயனில்லை. கப்பலில் வருகிறவர்கள் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் இது எந்த ஊர் விளக்கு என்று கண்டுகொள்வார்கள். நீலமாக்கியே தீரவேண்டும் என்றால் ஆக்கிக்கொள்ளட்டும், கீழே 'மெரினா' என்று பெயர் போடாமல் இருந்தால் சரி.