புனலில் விழாதவை

மண்ணில் ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர்கள் எத்தனை என்று யார் கேட்டாலும் எங்கள் தொழிலில் புனலைத்தான் காட்டுவோம். இத்தாலியரான அந்தோனியோ பெர்லேசி 1905இல் வெந்நீர் உறை போட்டு இதை அமைத்தார். சுவீடன்காரர் ஆல்பர்ட் துல்கிரென் 1918இல் வெந்நீருக்குப் பதில் மின்விளக்கை வைத்தார். சல்லடைமேல் மண், அதற்குமேல் விளக்கு, அடியில் ஆல்கஹால் குப்பி. (குப்பியில் வெறும் தண்ணீர் வைத்தால் இவை நனையாமல் மிதக்கும், தாவி வெளியேறவும் செய்யும்.) மண் மேலிருந்து காயக் காய, ஈரம் தேடிக் கீழே இறங்குபவை குப்பியில் விழும். ஆகவே, புனல் தருவது நடந்து தப்பியவற்றின் கணக்கு. மண்ணில் இருந்தவற்றின் கணக்காக அதை வாசிப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

இலைச்சருகில் வாழும் இனங்களுக்குக் கண் உண்டு, நிறம் உண்டு, கால் நீளம். வயிற்றுக்கடியில் கொக்கியில் மாட்டிக் கிடக்கும் கவை விடுபட்டால் உடலே எகிறிப் போய் விழும். ஆழத்தில் வாழ்பவை வெளுத்தவை, கண்ணற்றவை, கால் குட்டை. பலவற்றுக்கு அந்தக் கவையே கிடையாது. பெரும்பாலும் தோலால் மூச்சுவிடும் இவற்றுக்குக் காய்தல் என்றாலே சாவு. விளக்கை எடுத்த எடுப்பிலேயே சூடாக்கினால் வறட்சி அவற்றை முந்திக்கொள்ளும். மண் துளைக்குள்ளேயே செத்துப்போகும். குப்பியில் சருகுவாசிகள் நிறைந்திருக்க, ஆழ்மண்ணில் உயிரே இல்லை என்று அறிக்கை எழுதப்படும். சூட்டைப் படிப்படியாக ஏற்றுவதும், மண்ணை உதிர்க்காமல் உருளையாகவே வைப்பதும், அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பதும் இதற்காகத்தான். மேல்மண்ணில் துளைகள் பெரியவை. அந்தப் பக்கம் கீழே இருந்தால் வாசல் அகலம்.

அப்படியானால் நீரில் கரைத்து மிதக்கவிட்டு எண்ணலாமே என்பார்கள். ஃபோல்சோமியா கேண்டிடா என்ற ஸ்பிரிங்டெயிலை வைத்துச் செய்யும் ஐஎஸ்ஓ 11267 நச்சுச் சோதனையில் அதுதான் வழக்கம்: 28 நாள் கழித்துப் பாத்திரத்தில் நீர் ஊற்றி, சில துளி மை விட்டால், கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளாக மிதப்பவற்றை எண்ணிவிடலாம். அங்கே இருப்பது ஒரே இனம், நாமே விட்ட இனம். காட்டு மண்ணில் சருகுத் துணுக்கும் மிதக்கும், பிணமும் மிதக்கும். வளர்ந்த பிறகும் தோலுரிக்கும் உயிர்கள் என்பதால் உரித்த தோலும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. எல்லா மாதிரிக்கும் ஒரே புனல், ஒரே பிழை. ஒப்பிட்டால் பிழை அடிபட்டுப் போகாதா? மண் ஒரே வகை, ஈரம் ஏறத்தாழ ஒரே அளவு என்றால் சரி. ஆனால் களிமண் காயும்போது இறுகி வாசலை அடைக்கிறது, மணல் சட்டென்று உலர்கிறது. அப்போது பிழையும் மண்ணுக்கு மண் மாறுகிறது. உயிர்களை ஒப்பிடுவதாக நினைத்து மண் காயும் விதத்தையே ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். சூட்டை எப்படி ஏற்றினார்கள், எத்தனை நாள் வைத்தார்கள், உருளையைக் கவிழ்த்தார்களா என்று குப்பிச் சீட்டில் இல்லாவிட்டால், அந்த எண்ணை நான் எந்த அட்டவணையிலும் சேர்ப்பதில்லை.