எழும்பாத கணனி

தெல்லிப்பழையில் எங்கள் நிலையத்தின் முன் அறையில் ஒரு பழைய கணனி இருக்கிறது. 2011 ஆம் ஆண்டில் வெளிநாட்டில் இருக்கும் அன்பர் ஒருவர் வாங்கித் தந்தது. வரும்போதே அது பாவித்த கணனிதான். தூசி படியக்கூடாது என்று தையல் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பூப்போட்ட சீத்தையில் ஓர் உறை தைத்துப் போட்டார்கள். இன்றும் அதே உறைதான்.

2022 மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மாத முடிவில், 31 ஆம் திகதி, 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்தார்கள். குப்பிவிளக்கில் அரிச்சுவடி படித்த எங்களுக்கு இருட்டு ஒன்றும் புதிதல்ல. ஆனால் குப்பிவிளக்கில் கணனி ஓடாது.

அந்த மாதத்தில் ஒரு பின்னேரம் வேலை முடித்துக் கணனியை நிறுத்தப் போனேன். புதிய மென்பொருள் மாற்றங்கள் வந்திருக்கின்றன, அவற்றை ஏற்றிவிட்டு நிறுத்தவா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். நிறுத்தவேண்டாம் என்ற எழுத்துத் திரையில் இருக்க, வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அது தானாக முடித்துக்கொள்ளும் என்று கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மின்வெட்டு அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. யூ.பி.எஸ். பெட்டியின் பற்றரி எப்போதோ செத்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். தவறு முழுக்க என்னுடையது.

அடுத்த நாள் காலை கணனி எழும்பவில்லை. மாற்றங்களைத் திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லும், அணையும், தானாகவே மூளும், மறுபடியும் அதையே சொல்லும். இரண்டு நாள் இப்படியே கிடந்து மூன்றாம் நாள் நீலத்திரையில் போய் நின்றது.

உள்ளே பத்து வருட வேலை இருந்தது. சுயதொழில் கடன் பெற்றவர்களின் விபரம், பிள்ளைகளின் பாடசாலை உதவி விண்ணப்பங்கள், 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்கள் தங்கள் காணியைக் கேட்டு எழுதிய மனுக்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாரும் மனைவிமாரும் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்த வாக்குமூலங்கள். 2013 இல் அமைக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழுவுக்கு எழுதியவை. இவற்றுக்கு வேறு பிரதி வைத்திருந்தேனா என்று கேளாதீர்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஒரு பெண்ணிடம் எப்படிக் கதை கேட்பது என்று ஒரு பருவம் முழுக்கச் சொல்லித் தந்தார்கள். கேட்ட கதையை எங்கே பத்திரப்படுத்துவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கிழமையில்தான் அந்த அம்மாவும் வந்தார். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து, பிறகு வன்னி போய், 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைக் கடைசியாகக் கண்டவர். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொண்டுபோக, முந்தி எழுதின கடிதத்தின் பிரதி வேண்டுமாம். அவரிடம் இருந்த தாளை வீட்டில் கறையான் தின்றுவிட்டது.

"பிள்ளை, உம்மட பெட்டிக்குள்ள கிடக்குத்தானே?" என்று கேட்டார். கணனி பழுது, தேவையென்றால் திரும்ப எழுதுவோம் அம்மா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அண்டைக்குச் சொன்னன். இன்னொருக்கால் முழுக்கச் சொல்ல என்னால ஏலாது மோனை."

அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணனிக் கடை ஒன்றுக்குப் போனேன். "ஃபோர்மட் அடிச்சுப் புதுசாப் போட்டுத் தரலாம் அக்கா. உள்ளுக்குக் கிடக்கிறது போயிடும். இல்லாட்டிப் புதுசொண்டு எடுங்கோ" என்றார் கடைத் தம்பி. ரூபாய் நாளுக்கு நாள் விழுந்துகொண்டிருந்தது. புதுக் கணனியின் விலையைக் கேட்கவே வாய் வரவில்லை. பெட்டியை விட்டுவிட்டுப் போங்கள், இரண்டு மூன்று நாளில் பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். நல்ல பிள்ளைதான். ஆனாலும் நான் விடவில்லை. அத்தனை பெண்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், யார் யாரைக் கடைசியாக எங்கே கண்டார்கள் என்ற விபரம் எல்லாம் உள்ள பெட்டியை முன்பின் தெரியாத மேசையில் எப்படி விட்டுவிட்டு வருவது? திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஓட்டோவுக்குப் பெற்றோல் கிடைக்காத காலம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு.

கணனியை எழுப்பித் தந்தது எங்களிடம் தையல் பழகிய அக்கா ஒருவரின் மகள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மூடியைக் கழற்றித் தூசியைத் துடைத்து, மூளவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ், இது சாகேல்லை. எழும்பத் தெரியாமக் கிடக்குது."

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கணனியை எழுப்பி நடத்துவது இயங்குதளம் என்ற மென்பொருள். நாங்கள் எழுதும் கடிதங்களும் படங்களும் வேறு. இரண்டும் ஒரே வன்தட்டில் இருந்தாலும் ஒன்று கெட்டால் மற்றது கெடவேண்டும் என்றில்லை. இயங்குதளத்தின் பழைய பாகங்களை எடுத்துப் புதியவற்றை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. பாதி பழையது, பாதி புதியது. முன்கதவு இறுகிவிட்டது, உள்ளே பெட்டகம் அப்படியே இருக்கிறது. ஃபோர்மட் அடிப்பதென்றால் வீட்டையே இடித்துக் கட்டுவது.

அவள் கொண்டுவந்தது ஒரு பென் ட்ரைவ். அதில் லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளம் இருந்தது. அதைச் செருகி, கணனி மூளும்போது ஒரு விசையை அழுத்தி, வன்தட்டிலிருந்து எழும்பாதே, இதிலிருந்து எழும்பு என்று சொல்லலாம். வன்தட்டில் எதையும் மாற்றாமல், பென் ட்ரைவிலிருந்தே அது ஓடும். ஐந்து நிமிடம் எடுத்தது. பிறகு பச்சை நிறத்தில் ஒரு திரை வந்தது. கடைசியாக ஒழுங்காக அணைக்காத வன்தட்டு என்பதால் வாசிக்க மட்டும் விடுவேன், எழுத விடமாட்டேன் என்றது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். இரவல் வாங்கிய வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுக்கத் தொடங்கினோம். அடுத்த மின்வெட்டுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. இடையில் நான் தேத்தண்ணி வைக்கக்கூட எழும்பவில்லை.

முடிந்ததும் ஒரு கடிதத்தைத் திறந்தாள். திரை நிறைய ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஒரு சொல்லும் விளங்கவில்லை. "பழுதாப் போச்சு மிஸ்" என்று முகம் வாடிவிட்டது அவளுக்கு.

இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவளைவிடக் கூடத் தெரிந்திருந்தது. அவள் யூனிகோட் காலத்துப் பிள்ளை. நாங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகினவர்கள். பாமினியில் தமிழ் எழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் குந்தியிருக்கும். எழுத்துரு இல்லாத கணனியில் முகமூடி கழன்று ஆங்கிலமாகத் தெரியும். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. விரல்களை மேசையில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். அம்மா. பழைய கோப்புக்களிடையே பாமினி எழுத்துருவைத் தேடி எடுத்து ஏற்றினோம். கடிதங்கள் தமிழாகின. பின்னர் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றியில் போட்டு அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வருகிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டும்.

எல்லாம் வெளியே வந்தபிறகுதான் வன்தட்டைத் துடைத்து லினக்ஸையே அதில் நிறுவினாள். கணனி முன்பைவிடச் சற்று விரைவாகவே ஓடுகிறது. குறை இல்லாமல் இல்லை. பழைய ஸ்கானர் இன்றுவரை இணங்கவில்லை. உதவி வழங்கும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் படிவம் இதில் சரியாகத் திறப்பதில்லை, அதற்குச் சந்தியிலுள்ள கொமினிகேசன் கடைக்குத்தான் போகிறேன். சிலருக்கு இந்த மாற்றம் ஒத்துவராது. எங்களுக்கு ஒத்துவந்தது, காசு இல்லாததும் ஒரு காரணம்.

எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது நடக்கும் என்று நினைத்திருந்தேன். 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு மாற்றத்தால் உலகம் முழுவதும் ஏறத்தாழ 85 இலட்சம் கணனிகள் நீலத்திரையில் நின்றன. விமானங்கள் பறக்கவில்லை, ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது. பெரிய பெரிய இடங்களிலும் ஆட்கள் போய் ஒவ்வொரு கணனியாகத்தான் பலவற்றை எழுப்பினார்கள். அதற்கு அடுத்த வருடம், 2025 ஒக்ரோபர் 14 இல், விண்டோஸ் 10 இற்கான வழமையான இலவச ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11 பல பழைய கணனிகளை ஏற்பதில்லை. ஆகவே உங்கள் சங்கத்திலோ பிள்ளைகளின் வீட்டிலோ உள்ள பழைய கணனியைக் குப்பை என்று யாராவது சொன்னால், எறியமுன் ஒருக்கால் பென் ட்ரைவில் எழுப்பிப் பாருங்கள். யாருக்காவது கொடுப்பதென்றால் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துவிட்டு முழுதாகத் துடைத்துக் கொடுங்கள். வெறுமனே அழித்தால் போதாது, அழித்ததைத் தோண்டி எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதம், முறைப்பாட்டுத் துண்டு, இவற்றைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். இப்போது எங்கள் நிலையத்துக் கோப்புக்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை நானே பிரதி எடுக்கிறேன். மின்வெட்டு இல்லாத நாளிலும் அட்டவணை கேட்கும் பழக்கம் போகவில்லை.

அந்த அம்மா மறுகிழமை வந்தார். நாலு பக்கக் கடிதத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, வாசியும் பிள்ளை என்றார். மெதுவாக வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீலக் கோடு போட்ட சேட்டோ? அப்பிடியோ கிடக்குது?"

ஓம் அம்மா, நீங்கள் சொன்னதுதான் என்றேன்.

"எனக்கு அது மறந்துபோச்சுது மோனை" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாள்களை மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்தார். எழும்பி வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"இன்னொண்டும் அடிச்சுத் தாரும். மகளட்டையும் ஒண்டு கிடக்கட்டும்."