ஆரம்பாக்கத்தில் ஏழு சென்டிமீட்டர் தாத்தா

சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் ஏறினால், கும்மிடிப்பூண்டி வரைக்கும் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். பெரும்பாலான மின்சார ரயில்கள் அங்கேயே நின்றுவிடும். சூலூர்பேட்டை வரை போகும் சில வண்டிகளைப் பிடித்தால் எளாவூர், அதற்கடுத்து ஆரம்பாக்கம். இந்தப் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் இது. இங்கே தூங்கிவிட்டால் கண் விழிக்கும்போது தடா வந்திருக்கும், அது ஆந்திரா.

என் ஒன்பது வயது மகனுடன் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்கினேன். ஆயாவையும் மாமாவையும் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "தாத்தாவை உட்கார வைக்கப்போறேன், வாம்மா" என்று மாமா போனில் சொல்லியிருந்தார். தாத்தா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

எல்லையில் ஓர் ஊர்

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தேசிய நெடுஞ்சாலை 16. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் சாலை. ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் 'ஜி.என்.டி. ரோடு' என்றுதான் சொல்வார்கள். டீக்கடையில் என்னிடம் தமிழில் சில்லறை கேட்டவர், அடுத்த நொடி லாரி டிரைவரிடம் தெலுங்கில் வம்பு பேசினார். ஊரே அப்படித்தான், இரண்டு மொழியிலும் கனவு காணும்.

கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைப் புகை. வடக்கே எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி; அங்கே இசுஸு பிக்கப் வண்டிகளும் மெட்ரோ ரயில் பெட்டிகளும் தயாராகின்றன. சென்னைக்குத் திரும்பும் வழியில் எண்ணூரில் அசோக் லேலண்ட். சுற்றிலும் முழு அளவு வண்டிகள் செய்யும் இந்த வட்டாரத்தில், மாமா ஒரு முழ நீளம்கூட இல்லாத லாரி செய்துகொண்டிருந்தார்.

இருபத்து நான்கில் ஒரு பங்கு

மாமா சிப்காட்டில் வார்ப்படத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க இரும்பை உருக்கி ஊற்றியவருக்கு, ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. திண்ணையை ஒட்டிய அறையில் ஒரு மேசை, டேபிள் லைட், அரங்கள், மருந்து பாட்டில்களில் பெயின்ட்.

நடுவில் அந்த லாரி. பழைய லேலண்ட் காமெட், மரத்தால் கட்டிய கேபின். தாத்தா சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஓட்டிய வண்டி. அது முதலாளியின் வண்டி. தாத்தாவும் லாரியும் சேர்ந்து நிற்கும் போட்டோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது.

"எல்லாத்தையும் இருபத்து நாலால வகுத்துடு. அவ்வளவுதான் கணக்கு" என்றார் மாமா. ஏழு மீட்டர் லாரி 29 சென்டிமீட்டர் ஆகும். 168 சென்டிமீட்டர் உயரமான தாத்தா, 7 சென்டிமீட்டர். லாரியின் உடம்பு ஃபோம் ஷீட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தகடும். ஆனால், டிரைவர் மட்டும் உலோகம்.

"களிமண்ணுல செஞ்சா என்ன தாத்தா?" என்றான் என் மகன்.

"விரல் உடைஞ்சிடும்டா. அதோட ஒரு அச்சு செஞ்சிட்டா, சரியா வர்ற வரைக்கும் உருக்கி உருக்கி ஊத்திப் பார்க்கலாம். களிமண்ல முடியுமா?" பதினோரு தாத்தாக்கள் மூக்கில்லாமலும் விரல் இல்லாமலும் வந்து, திரும்பவும் உருகி, பன்னிரண்டாவது தாத்தாதான் முழுசாக வந்தாராம்.

வண்டிக்குள் உலோக மனிதனை ஏற்றும் ஆசை புதிது அல்ல. 1974-ல் மகாராஷ்டிராவின் தைமாபாத்தில் ஒரு விவசாயியின் கையில் வெண்கலப் புதையல் ஒன்று சிக்கியது. அதில் ஒன்று சுமார் 45 சென்டிமீட்டர் நீள வண்டி. இரண்டு காளைகள் பூட்டியிருக்க, ஓட்டுகிறவர் நின்றுகொண்டிருப்பார். பல ஆய்வாளர்கள் அதன் வயதைச் சுமார் 4000 ஆண்டுகள் என்கிறார்கள். தீப்பெட்டிக்குள் அடங்கும் வண்டிகளால் புகழ்பெற்ற லண்டனின் லெஸ்னி கம்பெனிக்குப் பெரிய வாழ்வு வந்ததும், 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு ரதத்தைக் குட்டியாக வார்த்து விற்றபோதுதான்.

உருக்கி ஊற்றும் கை

செம்புக் கம்பியில் எலும்புக்கூடு, அதன் மேல் எம்-சீல் பூசிச் செதுக்கிய உடம்பு. அது மூல உருவம். அதைச் சுற்றிச் சூடு தாங்கும் சிலிகான் ரப்பரை ஊற்றி, இரண்டு பாதியாகப் பிரியும் அச்சு. அச்சுக்குள் முகப் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால், உலோகம் விரல் நுனி வரைக்கும் ஓடிப் போய்ச் சேருமாம்.

ஆரம்பத்தில் பழைய ஈயத்தைத்தான் உருக்கினார். பேரக் குழந்தைகள் வீட்டுக்கு வர ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். ஈயம் உடம்புக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, விஷம். இப்போது வெள்ளீயம்தான். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும்; வெள்ளீயத்துக்கு 232 டிகிரி போதும். ஆனாலும் அதற்கென்று தனிப் பாத்திரம், கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு. "ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் வெடிச்சுத் தெறிக்கும். பசங்க பத்தடி தள்ளி நிக்கணும்" என்பது அந்த வீட்டுச் சட்டம்.

வார்த்த பிறகு, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் வரும் கோட்டை அரத்தால் தேய்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கை எண்ணெய் பட்டால் பெயின்ட் ஒட்டாது. பிறகு சாம்பல் நிற பிரைமர். அதன் மேல்தான் நிறம், அதுவும் தண்ணீராகக் கரைத்து மூன்று நான்கு மெல்லிய பூச்சாக. கெட்டியாக ஒரே பூச்சு பூசினால் சட்டை மடிப்பெல்லாம் அடைந்துபோகும்.

"வெளிநாட்டு பெயின்ட்ல தோல் நிறம்னு ஒரு டப்பா வரும். திறந்து பார்த்தா ரோஸ் கலரு! நம்ம ஊரு டிரைவருக்கு அது ஆகுமா?" என்று சிரித்தார். அடர் பழுப்பில் தொடங்கி, நெற்றி, மூக்கு, கன்னமேடு, விரல் மூட்டு என வெயில் படும் இடங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருந்தார். கண்ணுக்கு வெள்ளை கிடையாது. ஒரு கறுப்புக் கோடுதான். வெள்ளை வைத்தால் பேயைப் பார்த்ததுபோல முழிக்குமாம்.

பிரஷ் பிடித்த அவர் கை நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, இரண்டையும் மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டார். "அடுத்த வருஷம் முடியுமான்னு தெரியல. அதான் இப்பவே உட்கார வச்சிடலாம்னு" என்றார், யாரையும் பார்க்காமல்.

கூரை மூடும் முன்

உலோக உருவத்தை வண்டியில் உட்கார வைக்க வெறும் ஃபெவிக்விக் போதாது. கனம் தாங்காமல் ஒருநாள் பெயர்ந்து விழும். உருவத்தின் அடியிலும் சீட்டிலும் சின்ன ஓட்டை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை ஆணியாகச் செருகி, அதன் பிறகுதான் பசை. பசை படும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பசை பெயின்டைத்தான் பிடிக்கும், உலோகத்தை அல்ல. அதற்கும் முன்னால், பசையே இல்லாமல் பத்துத் தடவை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். தலை கூரையில் இடிக்கிறதா, கை ஸ்டீயரிங்கை எட்டுகிறதா? கூரையை ஒட்டிவிட்டால் திருத்தம் கிடையாது.

மாமா ஒட்டுவதற்கு முன் ஆயாவைக் கூப்பிட்டார். ஆயாவுக்கு வயது 84. கண் பார்வை மங்கிவிட்டது. மேசை அருகே உட்கார வைத்து, அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கேபினுக்குள் விட்டார் மாமா.

விரல் தொப்பி இல்லாத தலையைத் தொட்டது. தோளில் இறங்கியது. ஸ்டீயரிங்கைப் பிடித்த இரண்டு கைகளையும் தடவியது. நின்றது.

"இது உங்கப்பன் இல்ல."

மாமா முகம் சுருங்கிப்போனது.

"இந்த வண்டில இன்ஜின் உள்ளாரயே இருக்கும்டா. இடது கால் வெந்துபோவும். ஈரச் சாக்கைப் போட்டு வச்சிருப்பாரு. சூடு தாங்காம எப்பவும் வலது பக்கம் சாஞ்சு, முழங்கைய ஜன்னல்ல போட்டுத்தான் ஓட்டுவாரு. அதனால வலது கை மட்டும் கன்னங்கரேல்னு இருக்கும். குளிச்சிட்டு வந்தா ரெண்டு கையும் ரெண்டு ஆளோட கை மாதிரி இருக்கும்."

மாமாவுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்த அப்பா, மாதத்துக்கு இரண்டு முறை அரைமணி நேரம் வந்து போகிறவர். சாலையோரம் வீடு பார்த்ததே அதற்காகத்தான். வடக்கே போகும்போதும் திரும்பும்போதும் வண்டியை நிறுத்தி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமே!

மாமா எதுவும் பேசாமல் சின்ன ரம்பத்தை எடுத்தார். தோளோடு வலது கையை அறுத்தார். அத்தை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஏரி இறால் குழம்பு. மாமா வரவில்லை. நாங்கள் கை கழுவிக்கொண்டு வந்தபோது, புதுக் கோணத்தில் திரும்பிய கைக்குள் கம்பி ஏறியிருந்தது. இடைவெளியை எம்-சீல் அடைத்திருந்தது. ஒட்டுப்போட்ட தடம் காக்கிச் சட்டையின் தோள் தையலோடு கலந்துபோனது. பெயின்ட் பூசும்போது நடுக்கம் கூடியதால், என் மகன்தான் லாரியை அசையாமல் பிடித்துக்கொண்டான். முழங்கைக்குக் கீழே இன்னும் ஒரு பங்கு கறுப்பு. இடது கால் பக்கத்தில், தேநீர் வடிகட்டும் துணியில் நறுக்கிய ஒரு துண்டுச் சாக்கு.

மாலை நான்கரைக்கு ஆயாவின் விரல் மறுபடி உள்ளே போனது. தலை, தோள், ஜன்னலில் கிடந்த முழங்கை. அங்கேயே வெகுநேரம் இருந்தது.

"கூரைய மூடிடவாம்மா?"

"மூடாதே."

மாமா கூரையை ஒட்டவில்லை. நான்கு மூலையிலும் குட்டிக் காந்தம் வைத்தார். தூக்கினால் வரும், வைத்தால் உட்காரும். லாரி இப்போது ஆயாவின் கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் இருக்கிறது.

கிளம்பும்போது என் மகன் ஆயாவிடம், "இந்த லாரிக்கு ஹார்ன் உண்டா பாட்டி?" என்று கேட்டான். "ரெண்டு தடவை அடிப்பாரு. நான் இலை போட்டுடுவேன்" என்றார் ஆயா.

ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில், ஜி.என்.டி. ரோட்டில் ஏதோ ஒரு லாரி இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. அவன் திரும்பி, வந்த வழியே வீட்டைப் பார்த்தான்.