ஒரு துளி எண்ணெய்

துபையில் நான் மெக்கானிக்காகப் பணியாற்றிய காலம். வாடிக்கையாளர் ஒருவர் தம் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தார். 1980இல் வெளிவந்த ஸ்டர்ஜிஸ் மாடலில், பின்சக்கரத்தை இயக்க அந்நிறுவனம் பெல்ட்டைப் புகுத்தியிருந்தது. இவர் வண்டியும் பெல்ட் வண்டியே. அவரோ அகன்ற டயர் வேண்டுமென்றார். பெல்ட் அதில் உரசும். ஒடுங்கிய செயினே தோதாகும்.

பல்சக்கரத்தையும் பிரேக் வட்டையும் ஒன்றாக்கிய 'ஸ்ப்ராக்கெட் பிரேக்'கை இடப்புறம் பூட்டினேன். விளிம்புப் பற்களில் செயின் ஓடும். உள்வளையத்தைக் காலிப்பர் கவ்வும். வலப்புறம் மறைப்பின்றி, சக்கரம் முழுதும் அழகாய்த் தெரிந்தது.

செயினுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டேன். அதுவே என் பிழை. சோதனை ஓட்டத்தில் பின்பிரேக்கை மிதித்தேன்; வண்டி நிற்கவில்லை! முன்பிரேக்தான் காத்தது. சிதறிய எண்ணெய் வளையத்திலும் பேடுகளிலும் படிந்திருந்தது. வளையத்தைக் கழுவினேன், பேடுகளைப் புதிதாக மாற்றினேன். செயினைத் துடைத்து, எளிதில் சிதறாத மெழுகுப் பூச்சைச் சிறிதளவே இட்டு, இரவெல்லாம் உலர விட்டேன்.

மறுநாள் வண்டியை ஒப்படைக்கையில் நடந்ததை மறைக்காமல் உரைத்தேன். அவர் சினப்பார் என்று அஞ்சினேன். அவரோ, பூச்சிடும் முறையை என்னருகே அமர்ந்து கற்றுக்கொண்டார். பிறர் உயிரைச் சுமக்கும் வண்டி, மெக்கானிக்கின் கையில் ஓர் அமானிதமன்றோ!