முத்திரையில்லாத தராசு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இறால் நிறுக்கும் தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் எங்கள் குப்பத்து மீனவர் கூடையை இறக்கமாட்டார். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் திருமறை அத்தியாயத்தை நானும் முப்பது ஆண்டுகளாக மதரஸா மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். ஆயினும் 2021 மே மாதத்தில், மனிதரின் மூச்சை நிறுக்க நான் வாங்கிய கருவியில் முத்திரை தேட எனக்குத் தோன்றவில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய நாட்கள் அவை. விரலில் மாட்டி, இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் அகப்படுவதே அரிதாயிருந்தது. சென்னையில் ஒரு கடையில் 2,500 ரூபாய்க்குக் கிடைத்தது. இரசீது கேட்டேன். "வேணுமா, வேணாமா?" என்றார் கடைக்காரர். வாங்கி வந்தேன். எங்கள் தெருவிலும் குப்பத்திலும் அது கைமாறிக்கொண்டே இருந்தது. எல்லாருக்கும் 97, 98 என்று நற்செய்தி!

குப்பத்தில் எனக்கு நாற்பதாண்டுக் கால நண்பர் ஒருவர் உண்டு. மூச்சிரைக்கிறதென்று ஆள் அனுப்பினார். கருவி 97 காட்டியது. "பயப்பட ஒன்றுமில்லை அண்ணே, படுத்திருங்கள்" என்றேன். "பாய் சொன்னா சரிதான்" என்றார். மறுநாள் உதடு நீலம் பாரித்த பிறகே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தூக்கிச் சென்றோம். அங்கிருந்த கருவியில் 82. பொன்னேரி வழியாகச் சென்னைக்கு விரைந்தது ஆம்புலன்ஸ். 18 நாட்கள் மருத்துவமனையில் கிடந்து, இறையருளால் மீண்டார்.

வீடு திரும்பிய இரவு, அந்தக் கருவியில் ஒரு பென்சிலை மாட்டிப் பார்த்தேன். பென்சிலுக்கும் 97!

கருவியின் தத்துவம் பொய்யன்று. 1974 இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயகி கண்டது அது. சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் விரலை ஊடுருவுகின்றன. பிராணவாயு ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் அவற்றை வெவ்வேறு அளவில் விழுங்குகின்றன. அந்த வேறுபாடே கணக்கு. கருத்த தோலில் நல்ல கருவியும் சில வேளை கூட்டிக் காட்டும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று எடுத்துரைத்தது. வெயிலில் கறுத்த எம் மீனவர் விரல்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் வாங்கியது நல்ல கருவியுமன்று.

சட்டம் உறங்கிற்று என்று சொல்லமாட்டேன், மெல்ல நடந்தது. மருத்துவக் கருவிகள் யாவற்றையும் மருந்துச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரும் மத்திய அரசின் ஆணை 2020 பிப்ரவரியில் வெளியாயிற்று. உரிமம் கட்டாயமாகும் கடைசிக் கட்டம் வந்ததோ 2023 அக்டோபரில். இடையே 2021 ஜூலையில், ஆக்ஸிமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு வணிக இலாபம் 70 விழுக்காட்டைத் தாண்டலாகாதென வரம்பிட்டார்கள். நல்லதே. ஆனால் நான் ஏமாந்தது விலையில் மட்டுமா?

அரசு மருத்துவமனைகளுக்கென 1994 இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மருந்துகளைத் தொகுதி தொகுதியாக ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே அது வெளியே விடும். கருவிகளையும் அதுவே வாங்குகிறது. தனி மனிதனிடம் ஏது ஆய்வுக்கூடம்? பென்சில்தான் உண்டு, அதுவும் காலம் கடந்தே நினைவுக்கு வந்தது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இரத்த அழுத்தம் பார்க்கத் தன்னார்வலப் பெண் ஒருவர் குப்பத்திற்கு வருகிறார். சென்ற மாதம் நானும் உடனிருந்தேன். நண்பர் கையை நீட்டுமுன் கருவியைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன தாத்தா தேடுறீங்க?"

"முத்திரை" என்றார், என் பக்கம் திரும்பாமலே.